31ஆம் இடத்தில் ஒரு செரின்: எச்.ஐ.வி.யும் மறதியும் மரபணுவும்



எச்.ஐ.வி. உள்ள ஒருவரை அழைத்துக்கொண்டு வரும் வீட்டார் சில சமயம் இப்படிக் கேட்பார்கள்: "மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறாருங்க. ஆனா முன்ன மாதிரி இல்ல. ஒரு வேலைய ஆரம்பிச்சா பாதியில நின்னுடறாரு. சொன்னது மறந்துபோகுது. இது இந்த வியாதியாலயா, இல்ல எங்க பரம்பரையிலயே இருக்குதா?" கேள்வியின் முதல் பாதிக்கு மருத்துவம் ஓரளவு பதில் வைத்திருக்கிறது. இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டது இரண்டாம் பாதியை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரம்பரைக்குக் கொஞ்சம் பங்கு இருக்கலாம். ஆனால் நோயாளியின் மரபணுவில் கால் நூற்றாண்டு தேடியும் கைக்கு நிற்கும்படி கிடைத்தது குறைவு. தென்னிந்தியாவைப் பொறுத்தவரை தெளிவாகத் தெரியும் மரபணுத் தடயங்கள் இரண்டு. அவற்றில் ஒன்று நோயாளியுடையதே அல்ல, வைரஸினுடையது. மற்றொன்று மறதியின் மரபணு அல்ல, மருந்தை உடைக்கும் மரபணு.

இந்த நோயின் இந்திய வரலாறு நாம் கூடியிருக்கும் இந்த ஜவ்வாது மலைக்கு வெகு அருகில்தான் தொடங்குகிறது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதுநிலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, தம் பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி, அரசு காப்பகத்தில் இருந்த பெண்களிடம் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சோதித்துப் பார்க்கும் வசதி அப்போது சென்னையில் இல்லை. மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுவந்தார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வைரஸ் ஆய்வாளர் ஜேக்கப் ஜான் நடத்திய ஆய்வகத்தில் ஆறு மாதிரிகள் மஞ்சளாயின; தொற்று இருப்பதற்கு அதுதான் அடையாளம். அமெரிக்காவில் மறுசோதனை செய்தபோதும் முடிவு மாறவில்லை. "நம் நாட்டுக்கு இந்த நோய் வராது" என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடினார்கள். சில பேர் சுனிதியையே திட்டினார்கள் என்பதும் வரலாறு. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கி, 2015இல் மறையும்வரை எச்.ஐ.வி. உள்ளோரோடே இருந்தார்.

அதே 1986இல் நியூயார்க்கில் நவியா, பிரைஸ் என்னும் நரம்பியல் மருத்துவர்கள் எய்ட்ஸ் நோயாளிகளிடம் ஒரு புதுவகை மனத்தேய்வை விவரித்து எழுதினார்கள். வயதானவர்களுக்கு வரும் அல்சைமர் நோயில் பெயரும் முகமும் முதலில் நழுவும். இதில் முதலில் வருவது மந்தம். யோசிப்பது மெதுவாகும், கைவேலை தடுமாறும், கையெழுத்து கோணும், எதிலும் நாட்டமில்லாமல் போகும். சிகிச்சை இல்லாத அந்தக் காலத்தில் பலருக்கு இது முற்றிப் படுக்கையில் தள்ளியது.

வைரஸ் மூளைக்குள் எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பின்னால் வரும் மரபணுக் கதைகள் பெரும்பாலும் இந்த ஒரு வாசலைச் சுற்றித்தான் நடக்கின்றன. எச்.ஐ.வி. நரம்பணுக்களைத் தொற்றுவதில்லை. மோனோசைட் என்னும் வெள்ளணுக்களுக்குள் உட்கார்ந்துகொண்டு, இரத்தத்திலிருந்து மூளைத் திசுவுக்குள் கடக்கிறது. அங்கே மூளையின் சொந்தக் காவலணுக்களான மைக்ரோக்லியாவைத் தொற்றுகிறது. தொற்றிய அணுக்கள் கசியவிடும் புரதங்களும் அழற்சிப் பொருள்களும்தான் பக்கத்திலிருக்கும் நரம்பணுவை வாட்டுகின்றன. இது கடைசிக் கட்டத்தில் நடப்பது என்று வெகுநாள் நம்பினோம். தாய்லாந்தில் தொற்று ஏற்பட்ட ஆரம்ப நாட்களிலேயே ஆட்களைக் கண்டறிந்து செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. எட்டாம் நாளிலேயே சிலரின் தண்டுவட நீரில் வைரஸ் இருந்தது.

ஆக, மோனோசைட்டை மூளைக்குள் அழைப்பது எது, அந்த அழைப்பு ஒருவரிடம் பலமாகவும் மற்றவரிடம் மெலிதாகவும் இருக்குமா என்பது மரபணு ஆய்வாளர்களுக்கு முதல் கேள்வியானது.

எம்.சி.பி-1 என்றொரு புரதம் இருக்கிறது. மோனோசைட்டுகளை அழற்சி உள்ள இடத்துக்கு வரவழைப்பதுதான் அதன் வேலை. அதை எவ்வளவு உற்பத்தி செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும் மரபணுப் பகுதியில் ஓர் எழுத்து மாற்றம் சிலரிடம் உண்டு. டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோவில் சுனில் அகுஜாவின் குழு 2002இல் இதைப் பற்றி வெளியிட்ட முடிவு விசித்திரமானது. அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு பாதியாகக் குறைந்தது. ஆனால் தொற்றிவிட்டால் நோய் வேகமாக முற்றியது, மனத்தேய்வு வரும் அபாயம் நாலரை மடங்கு. தொற்றுக்கு முன் காப்பாற்றும் மரபணுவே தொற்றுக்குப் பின் காட்டிக்கொடுக்கிறது. ஒரு மரபணுவை 'நல்லது', 'கெட்டது' என்று பிரித்து எழுதும் பத்திரிகைச் செய்திகளை நான் நம்பாததற்கு இது ஒரு காரணம். பின்வந்த ஆய்வுகள் சில இந்த முடிவோடு ஒத்துப்போயின, சில ஒத்துப்போகவில்லை.

அதற்கும் முன்னால் 1998இல் ஏபோ-ஈ மரபணுவின் பெயர் அடிபட்டது. மூளையில் கொழுப்பைச் சுமக்கும் புரதத்தை ஆக்கும் மரபணு இது. 2, 3, 4 என்று மூன்று வடிவங்கள் உண்டு. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நாம் ஒவ்வொருவரும் இரண்டு பிரதி வைத்திருக்கிறோம். நான்காம் வடிவம் அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் என்பது 1993இல் தெரிந்தது. அதைச் சொன்ன ஆய்வாளர்களே எச்.ஐ.வி. உள்ளோரிடமும் பார்த்தார்கள். நான்காம் வடிவம் உள்ளவர்களில் மனத்தேய்வு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. மொத்தம் 44 பேரை வைத்துச் செய்த ஆய்வு அது. அந்தச் சிறிய எண்ணை மறந்துவிட்டுத்தான் பலர் அதை மேற்கோள் காட்டினார்கள். பத்தாண்டு கழித்து இன்னும் பெரிய குழுக்களில் பார்த்தபோது, அந்த வடிவத்தை இரட்டைப் பிரதியாகக் கொண்டவர்களுக்கு எச்.ஐ.வி. வேகமாக முற்றியது தெரிந்தது, மனத்தேய்வோடு தொடர்பு தெரியவில்லை. அமெரிக்காவின் பல நகரங்களில் நடந்த சார்ட்டர் ஆய்வும் 2013இல் தொடர்பு இல்லை என்றே சொன்னது.

சி.சி.ஆர்.5 பற்றியும் ஒரு வார்த்தை. வைரஸ் அணுவுக்குள் நுழையப் பிடிக்கும் கைப்பிடிகளில் ஒன்று அது. அதன் மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்ட வடிவம் இரண்டு பிரதியிலும் இருந்தால் தொற்று ஏறக்குறைய முடியாது. ஒரு பிரதி இருந்தால் நோய் மெதுவாகும், மூளைப் பாதிப்பும் குறையும் என்று சில ஆய்வுகள். பெர்லின் நோயாளி என்று உலகம் அறிந்த திமோதி ரே பிரவுன் குணமானது இந்த வடிவம் கொண்ட ஒருவரின் எலும்பு மஜ்ஜையைப் பெற்றுத்தான். ஆனால் இது வட ஐரோப்பியர்களின் சொத்து. இந்தியர்களிடம் இல்லையென்றே சொல்லலாம்.

ஒவ்வொரு மரபணுவாகச் சந்தேகப்பட்டுப் பார்ப்பதை விட்டு, மொத்தத்தையும் சல்லடையில் போடலாம் என்று பிறகு வந்தது முழு மரபுத்தொகுதி ஆய்வு. சாமையில் கல் எங்கே இருக்கும் என்று ஊகித்துக் கிளறாமல் குவியல் முழுவதையும் புடைத்துப் பார்ப்பது போல. 2012இல் அமெரிக்காவில் 1,287 பேரிடமும், 2017இல் சார்ட்டர் குழுவில் ஆயிரத்துச் சொச்சம் பேரிடமும் இப்படிப் புடைத்தார்கள். உறுதியாகச் சொல்லத்தக்க ஒரு மரபணு இடம்கூட மேலே வரவில்லை. இதை ஆராய்ச்சியின் தோல்வி என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. "பெரிய விளைவைத் தனியாக நின்று தரும் ஒரு மரபணு இங்கே இல்லை" என்பதும் ஒரு முடிவுதான். வீட்டாரின் கேள்விக்கு அது ஆறுதலான முடிவும்கூட.

இனி வைரஸின் பக்கம் திரும்புவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டிப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எச்.ஐ.வி.யில் பல வகைகள் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதிகம் பரவியது பி வகை. இந்தியாவில் பெரும்பான்மை சி வகை. தென்னாப்பிரிக்காவிலும் சி வகைதான். பெங்களூரு நிமான்ஸ் என்னும் மனநல, நரம்பியல் நிறுவனத்தின் மருத்துவர்கள் 1990களிலேயே ஒன்றைக் கவனித்திருந்தார்கள்: மேலை நாட்டு நூல்கள் சொல்லும் அளவுக்கு இங்கே முற்றிய மனத்தேய்வைக் காணோம். நூற்றுக்கு ஒன்றிரண்டு பேரிடம்தான். காசநோயோ கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலோ முந்திக்கொண்டு உயிரைப் பறித்துவிடுவதால் மனத்தேய்வு வரை யாரும் வாழ்வதில்லை என்பது ஒரு விளக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. இன்னொரு விளக்கம் பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் உதயகுமார் ரங்காவின் ஆய்வகத்திலிருந்து 2004இல் வந்தது.

வைரஸ் ஆக்கும் புரதங்களில் டாட் என்று ஒன்று. ஏறத்தாழ நூறு அமினோ அமிலங்கள் கோத்த சிறிய சங்கிலி. தொற்றிய அணுவிலிருந்து அது வெளியேயும் கசியும். கசிந்த டாட், உடலின் சொந்த அழைப்புப் புரதம் போல நடித்து மோனோசைட்டுகளை இழுக்கும். எம்.சி.பி-1 செய்யும் அதே வேலை! இந்த நடிப்புக்குச் சங்கிலியின் 30ஆம், 31ஆம் இடங்களில் அடுத்தடுத்து சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் இரண்டு இருப்பது முக்கியம். இந்தியாவின் சி வகை வைரஸ்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் 31ஆம் இடத்தில் சிஸ்டீன் இல்லை, செரின் இருக்கிறது. ஒரே ஓர் அமினோ அமிலம். அதனால் டாட்டின் மற்ற வேலைகள் கெடுவதில்லை, வைரஸ் பெருகுகிறது. ஆனால் மோனோசைட்டை அழைக்கும் குரல் மட்டும் கம்மிப்போகிறது.

இதன் பிறகு ஆய்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கின. 2008இல் மனித நரம்பணுக்களைக் கிண்ணத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். சி வகை டாட் குறைவாகவே நரம்பணுக்களைக் கொன்றது. செரினை எடுத்துவிட்டுச் சிஸ்டீனை வைத்ததும் கொல்லும் திறன் ஏறியது. அதே ஆண்டு எலிகளின் மூளையில் தொற்றை உண்டாக்கிப் பார்த்ததில், இந்திய சி வகை பெற்ற எலிகள் பி வகை பெற்ற எலிகளைவிட நினைவுச் சோதனையில் குறைவான தவறு செய்தன. 2013இல் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. தென்னாப்பிரிக்கப் பகுதியின் சி வகையில் இரண்டு சிஸ்டீனும் குலையாத வைரஸ்கள் இந்தியாவைவிட அதிகம், அவற்றின் நரம்பு நச்சும் அதிகம். 'சி வகை' என்று ஒரே பெயரில் அழைத்தாலும் நம்முடையதும் அவர்களுடையதும் இந்த ஓரிடத்தில் வேறு. உகாண்டாவில் 2009இல் வந்த ஆய்வில் டி வகை தொற்றியவர்களிடம் ஏ வகையினரைவிட மனத்தேய்வு வெகு அதிகம். எந்தப் பரம்பரையில் பிறந்தோம் என்பதைவிட, எந்தப் பரம்பரையில் வந்த வைரஸ் தொற்றியது என்பது மூளைக்கு முக்கியமாகிவிட்டது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் மனிதர்களை உட்கார்த்திச் சோதித்தவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். சென்னையில் ஒய்.ஆர்.ஜி. கேரும் அமெரிக்க ஆய்வாளர்களும் நோய் முற்றிய 30 பேரைச் சோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் குறைபாடு. மறு ஆண்டு நிமான்ஸ் வெளியிட்ட ஆய்வில் சிகிச்சை தொடங்காத 119 பேரில் பத்துக்கு ஆறு பேரிடம் லேசான அல்லது நடுத்தரக் குறை இருந்தது, கடுமையான குறை ஒருவரிடமும் இல்லை. தென்னாப்பிரிக்காவிலும் 31ஆம் இடம் எப்படி இருந்தாலும் நோயாளிகளின் தேர்வு மதிப்பெண்கள் மாறவில்லை என்று ஓர் ஆய்வு. ஆய்வகச் சோதனை, மனிதர்களிடம் செய்த சோதனை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் கணிப்பு இது: அந்தச் செரின் முற்றிய மனத்தேய்விலிருந்து நம்மவர்களை ஓரளவு காத்திருக்கக்கூடும், லேசான மந்தத்திலிருந்து காக்கவில்லை.

'லேசான குறை' என்றேன். அதை அளக்கும் கோலைப் பற்றியும் பேச வேண்டும், அதிலும் இந்த மலையில் நின்று பேசும்போது. 2007இல் இத்தாலியின் பிராஸ்காட்டியில் வகுத்த அளவுகோல்படி மூன்று படிகள்: தேர்வில் மட்டும் தெரியும் குறை, அன்றாட வேலையைத் தொடும் குறை, மனத்தேய்வு. 2010இல் சார்ட்டர் ஆய்வு எச்.ஐ.வி. உள்ளோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் குறை என்றது. ஆனால் அதில் பெரும்பங்கு முதல் படி, மனத்தேய்வு நூற்றுக்கு இரண்டே பேர். இந்தக் கோலை நோயே இல்லாதவர்கள் மேல் வைத்தாலும் ஐந்தில் ஒருவர் போலக் குறையுள்ளவராகத் தெரிவார் என்று சுவீடன் ஆய்வாளர் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். இந்த அளவுகோலைத் திருத்த வேண்டும் என்று பன்னாட்டுக் குழு ஒன்று 2023இல் எழுதியது.

எளிய சோதனை ஒன்று உண்டு. நான்கு சொற்களைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்வோம். ஐந்து விநாடிக்குள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எத்தனை முறை தட்டுகின்றன என்று எண்ணுவோம். கையை முஷ்டியாக, தட்டையாக, பக்கவாட்டாக மாற்றி மாற்றி வைக்கச் சொல்வோம். மொத்தம் 12 மதிப்பெண், 10 அல்லது அதற்குக் கீழ் வந்தால் மேலும் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலும் உகாண்டாவிலும் சோதித்துப் பார்த்து 2005இல் வெளியிட்டது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை என்பது அதன் சிறப்பு. ஆனால் இரத்தசோகை உள்ளவரின் விரல் மெதுவாகத்தான் தட்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் இதே ஜவ்வாது மலையில் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஏறக்குறைய நான்கு பேரிடம் குடற்புழுத் தொற்று இருந்தது, அநேகமாக எல்லாம் கொக்கிப்புழு. கொக்கிப்புழு இரத்தத்தைக் குடிக்கும். வேலூர்ப் பகுதியில் வலிப்பு உள்ளோரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மூளையில் தங்கிய நாடாப்புழுக் கட்டிகள் காரணம் என்று வேதாந்தம் ராஜசேகர் குழு கண்டது. சாராயம் இருக்கிறது, தூக்கமின்மை இருக்கிறது, நோயை ஒளித்து வாழும் மனச்சோர்வு இருக்கிறது. இவற்றையெல்லாம் கழிக்காமல் மரபணுவுக்குப் போவது முறையல்ல.

இரண்டாவது தடயத்துக்கு வருகிறேன். 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவச ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. காசநோயும் சேர்ந்திருந்தவர்களுக்கு எஃபவிரென்ஸ் மாத்திரையைத்தான் நம்பினோம், இரவில் 600 மில்லிகிராம். அதைச் சாப்பிட்டுப் பலர் "தலை சுத்துது, கெட்ட கெட்ட கனவா வருது, பகல்ல மப்பா இருக்குது" என்றார்கள். அந்த மருந்தைக் கல்லீரலில் உடைப்பது சிப்-2பி6 என்னும் நொதி. அதன் மரபணுவில் 516ஆம் எழுத்து இரண்டு பிரதியிலும் மாறியிருந்தால் மருந்து மெதுவாக உடைந்து இரத்தத்தில் தேங்கும். சென்னையிலுள்ள காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் 2009இல் தென்னிந்திய நோயாளிகளிடம் இதை அளந்து காட்டினார்கள். மருந்தின் அளவை ஏற்றியது இந்த மரபணு மாற்றம்தான், உடன் கொடுத்த காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் அல்ல. நம் மக்களிடம் இந்த மாற்றம் அரிதும் அல்ல. வைரஸ் மூளையைத் தின்கிறது என்று வீட்டார் பயந்த சில பேருக்கு உண்மையில் மாத்திரையின் அளவுதான் அதிகமாகிப் போயிருந்தது. மருந்தை மாற்றினால் தெளிந்துவிடும் மந்தம் அது. 2020 முதல் எஃபவிரென்ஸை விட்டு டொலுடெக்ராவிர் உள்ள மாத்திரைக்கு நாடு மாறத் தொடங்கியது. அதிலும் தூக்கம் கெடுவது சிலருக்கு உண்டு, ஆனால் இந்தத் தேக்கம் இல்லை.

அபாயம் எது என்று என்னை நெருக்கிக் கேட்டால் நான் முதலில் கேட்பது மரபணு அறிக்கையை அல்ல. சிகிச்சை தொடங்குமுன் சி.டி.4 என்னும் நோயெதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு கீழே இறங்கியது என்பதைத்தான் கேட்பேன். இதுவரை வந்த ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் நிற்பது அந்த எண். 2017 முதல் சி.டி.4 எவ்வளவு இருந்தாலும் தொற்று தெரிந்த உடனே மருந்து என்பது கொள்கை. ஆனால் மலையிலிருந்து திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ இறங்கி ஏற ஒரு நாள் கூலி போகிறது, பஸ் தவறினால் இரவும் போகிறது. தோட்ட வேலைக்குக் கேரளம், கர்நாடகம் என்று போகிறவர் மாத்திரையை இடையில் விட்டுவிட்டால், அந்த எண் மறுபடி இறங்கும்.

ஏபோ-ஈ-யை முடித்துவிட்டதாக நினைத்திருப்பீர்கள். இல்லை. ஹவாயில் 2004இல் செய்த ஓர் ஆய்வு வயதைப் பிரித்துப் பார்த்தது. இளையவர்களிடம் நான்காம் வடிவத்தால் வித்தியாசம் இல்லை. ஐம்பது தாண்டியவர்களிடம் இருந்தது. இலவச மருந்து வந்தபோது முப்பத்தைந்து வயதில் இருந்தவர்கள் இப்போது ஐம்பதுகளின் நடுவைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். எய்ட்ஸால் இறந்துபோவார்கள் என்று நாம் கணக்கெழுதிய தலைமுறை முதுமைக்கு வந்துவிட்டது. அரியானாவின் பல்லப்கரில் முன்பு செய்த அல்சைமர் ஆய்வு, அங்கே நான்காம் வடிவம் அமெரிக்காவைவிடக் குறைவு, ஆனால் உள்ளவர்களுக்கு அபாயம் அதே அளவு என்றது. இப்போதே தனியாரிடம் பணம் கட்டி இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். முடிவு எதுவானாலும் செய்யப்போவது ஒன்றுதான்: இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, குடி ஆகியவற்றைக் கட்டுக்குள் வைப்பது. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர் வாசலுக்கு வந்து பார்க்கும் முதல் இரண்டும் மூளைக்கும் முக்கியம்.

ஆய்வு என்று இந்த மலைக்கு யாராவது வந்தால், இரண்டு விஷயத்தை ஊர்ப் பெரியவர்கள் கேட்டு வாங்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவரின் மதிப்பெண்ணைச் அமெரிக்காவின் சான் டியேகோ நகரச் சராசரியோடு ஒப்பிடக் கூடாது, சென்னைச் சராசரியோடும் கூடாது. அதே ஊரில், அதே அளவு பள்ளி போன, அதே கேழ்வரகையும் சாமையையும் உண்ணும், தொற்று இல்லாதவரோடு ஒப்பிட வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தம் வரலாற்றைச் சொல்லும், மலையாளி என்னும் இம்மலைப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணமுடித்து வந்தவர்கள். இப்படிப்பட்ட சமூகங்களில் சில மரபணு வடிவங்கள் தற்செயலாகவே கூடியோ குறைந்தோ இருக்கும். வேறிடத்து எண் இங்கே பொருந்தாது.

அடுத்தது ஒப்புதல். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், ஒருவரின் சம்மதமின்றிச் சோதிப்பதையும் அவர் நிலையை வெளியிடுவதையும் தடுக்கிறது. சிறிய ஊரில் ஜீப் எந்த வீட்டு வாசலில் நின்றது என்பதே செய்தியாகிவிடும் என்பதால், மாதிரி எடுப்பது எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்திலோ மருத்துவமனையிலோ நடக்கட்டும். மரபணு மாதிரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவர் கொடுக்கும் இரத்தத்தில் அவருடைய அண்ணன் தம்பியின், அக்காள் தங்கையின் மரபணுவும் ஏறத்தாழ பாதி சேர்ந்தே போகிறது. படிவத்தில் கைநாட்டு வாங்கும் முன் அதையும் அவருக்குப் புரியும்படி உட்கார்ந்து சொல்ல வேண்டும். அவர் வீட்டில் கலந்து பேச நாள் கேட்டால் கொடுக்க வேண்டும்.